கொலிவாவுக்கு ஓர் இணையக்கடை

எங்கள் ஊர் வாலெனியில், உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த பதினேழு பேருக்கு நாற்பதாம் நாள் சடங்கு அறிவித்தவன் நான்தான். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரு சான்றிதழ் வாங்குவதற்காகச் செய்தேன். இதைச் சொல்லும்போது இன்றும் காது சுடுகிறது. ஆனால் ஊரில் ஆளுக்கொரு கதை கட்டித் திரிகிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல ஒருவனாவது வேண்டும், அந்த ஒருவன் குற்றவாளியாகவே இருந்தாலும் பரவாயில்லை.

என் பெயர் பனாயித். முப்பத்தெட்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே சோறு தின்றவன் என்று சொன்னால் சரியாக இருக்கும். என் மனைவி சஃப்தா வீட்டில் கொலிவா செய்கிறாள். கோதுமையை ஒன்பது தண்ணீரில் கழுவி, குழைய வேகவைத்து, வால்நட்டும் சர்க்கரையும் எலுமிச்சைத் தோலும் சேர்த்துப் பிசைந்து, தட்டில் மேடாக வைத்து, சர்க்கரைப் பொடி தூவி, மேலே கோகோவால் சிலுவையும் செத்தவர் பெயரின் முதலெழுத்தும் போடுவாள். கோயிலில் அதை வைத்து ஜெபித்து, வந்தவர்களுக்கெல்லாம் கரண்டி கரண்டியாகக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்பவர் நன்றி சொல்லக் கூடாது. "ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்" என்றுதான் சொல்ல வேண்டும்.

சஃப்தாவிடம் யாரும் இதுவரை வந்து 'ஆர்டர்' கொடுத்தது கிடையாது. மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள், மூன்று மாதம், ஆறு, ஒன்பது, பிறகு ஏழு வருடம் வரை வருடா வருடம். யார் வீட்டில் எது எப்போது வருகிறது என்று அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை கோதுமையை ஊறப்போடுவாள், சனிக்கிழமை காலையில் தட்டோடு போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். அந்த வீட்டுக்காரர்களே மறந்துபோயிருந்தால்கூட. ஒருமுறை நான் கேட்டேன், கேட்டால் செய்து கொடுக்கலாமே, எதற்கு நீயாகப் போகிறாய் என்று. "துக்கத்துல இருக்கிறவ என் வாசல்ல வந்து நிக்கணுமாக்கும்?" என்றாள். அவளுடைய வியாபாரத் திட்டம் முழுவதும் அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் அவளிடம் ஒரு கறுப்பு அட்டை நோட்டு இருந்தது. வீட்டுக்கு ஒரு தாள். மேலே அந்த வீட்டுத் தொலைபேசி எண். வலது பக்கம் கறுப்பு மையில் செத்தவர்கள், தேதியோடு. இடது பக்கம் சிவப்பு மையில் உயிரோடிருப்பவர்களில் ஜெபத்துக்குப் பெயர் வந்தவர்கள். பாதிரியார் இரண்டு தரப்புக்கும் ஜெபிப்பார் என்பதால், ஒவ்வொரு வாரமும் சஃப்தா இரண்டு சீட்டு எழுதிக் கொடுப்பாள்: இருப்பவர்களுக்கு ஒன்று, போனவர்களுக்கு ஒன்று. இரண்டையும் ஒரு நாளும் மாற்றிக் கொடுத்ததில்லை.

பக்கத்து வீட்டுத் தீங்காவின் தாளில் சிவப்பு மையில் ஒரே ஒரு பெயர். அவள் மகன் வியோரெல். பதினோரு வருடத்துக்கு முன்னால் கட்டட வேலைக்கென்று ஸ்பெயினுக்குப் போனான். ஐந்து வருடம் பணம் அனுப்பினான், ஒரு நல்ல போனும் அனுப்பினான். பிறகு ஒரு ஈஸ்டருக்குக் கூப்பிட்டுப் பேசினான். அதோடு சரி, ஆறு வருடமாக ஒரு தகவலும் இல்லை. பெயரை அந்தப் பக்கம் மாற்றிவிட்டால் ஆத்மாவுக்காவது நல்லது என்று பாதிரியார் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "ஃபாதர், நீங்க வேணா அந்தப் பக்கம் போங்க. எம் பையன் இந்தப் பக்கமே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள் தீங்கா. அதன்பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஓய்வு பெற்ற மனிதனுக்கு வீட்டில் இரண்டே வேலைதான் இருக்கும். மனைவியின் வழியில் குறுக்கே நிற்பது, இல்லாவிட்டால் மனைவியின் வேலையைச் சீர்திருத்துவது. நான் இரண்டையும் செய்தேன். வால்நட் இடித்து இடித்துச் சஃப்தாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அந்த நேரத்தில் நகராட்சிச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். 'வீட்டுத்தொழில் செய்வோரே, இணையத்துக்கு வாருங்கள்! பயிற்சி இலவசம். சான்றிதழ் பெறுவோருக்கு இயந்திரம்.' வால்நட் அரைக்கும் இயந்திரம் என் கண் முன்னால் வந்து நின்றது. சஃப்தாவிடம் சொன்னேன்.

"கொலிவாவை எதுக்குய்யா இணையத்துல போடணும்? செத்தவங்க அங்கயா இருக்காங்க?" என்றாள்.

"நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் புரியாது" என்றேன். எனக்கும் ஒன்றும் புரிந்திருக்கவில்லை.

மாவட்டத் தலைநகரில் இருக்கும் அந்த நிறுவனத்தின் பெயர் நுண்தொழில் எண்ணிம ஆயத்த மையம். இணையத்துக்கு விண்ணப்பிக்க நேரில் வர வேண்டும், மூன்று பிரதி வேண்டும், மூன்றிலும் மையில் குத்திய ஈர முத்திரை வேண்டும். எல்லாவற்றையும் தகரப் பட்டை வைத்த அட்டைக் கோப்பில் கோத்துக் கொண்டுவர வேண்டும். நான் கொண்டுபோன கோப்பில் பட்டை பிளாஸ்டிக்காக இருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். தகரப் பட்டை வாங்கிக்கொண்டு மறுநாள் வந்தேன். அன்று கோப்பின் நிறம் சரியில்லை. மூன்றாம் நாள் நான் இணையத்துக்குத் தகுதியானவன் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டேன்.

நாங்கள் எட்டுப் பேர். முதல் நாள் இயக்குநர் ஒக்தாவியன் பர்லேயா வந்து உரையாற்றினார். பெரிய மனிதர், சின்ன டை கட்டியிருந்தார்.

"அன்பர்களே! இந்த மையம் தொடங்கி ஆறு வருஷம். முன்னூத்திப் பன்னெண்டு பேரை இணையத்துக்கு ஆயத்தப்படுத்தியிருக்கோம். அதுல எத்தனை பேர் கடை போட்டாங்கன்னு வெளியில சிலபேர் கேக்கறாங்க. நான் பெருமையா சொல்றேன், ஒருத்தர்கூட இல்ல! இது ஆயத்த மையம். எல்லாரும் போய்ச் சேந்துட்டா அப்புறம் நாங்க யாரை ஆயத்தப்படுத்தறது? யாருமே போகாததால ஆறு வருஷத்துல ஒரு புகார்கூட வரல. பக்கத்து மாவட்டத்துல நாலு பேர் போனாங்க. நாலு பேர்மேலயும் வழக்கு நடக்குது."

நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

எங்களுக்குப் பாடம் நடத்தியது தெனீசா என்ற பெண். கெட்டவள் என்று சொல்ல முடியாது. படிவத்தில் உள்ள கட்டங்கள் நிரம்ப வேண்டும் என்ற ஒரே கவலைதான் அவளுக்கு. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேனீக்காரர் க்லிகோர், 'பணியாளர் எண்ணிக்கை' என்ற இடத்தில் விளையாட்டாக 'நான்கு லட்சம்' என்று எழுதிவிட்டார். நான்கு லட்சம் பேருக்கும் விபத்துக் காப்பீடு எங்கே என்று கேட்டு அவருக்கு அதிகாரப்பூர்வமான கடிதம் வந்தது. பதில் எழுதுவதிலேயே அவருக்குப் பயிற்சிக் காலம் முடிந்துபோயிற்று.

எனக்கு வந்த கேள்வி: 'உங்கள் பொருள் வாடிக்கையாளரின் எந்தப் பிரச்சினையைத் தீர்க்கிறது?'

"சாவு" என்று எழுதினேன்.

தெனீசா படித்துவிட்டு, "தீந்துருமா ஐயா?" என்று கேட்டாள்.

"தீராதும்மா."

"அப்ப 'ஓரளவு தீர்க்கிறது'ன்னு போடுங்க. தீராதுன்னா மதிப்பெண் கொறஞ்சிடும்."

போட்டேன்.

அடுத்த கேள்வி, வாடிக்கையாளர் மறுபடி வருவாரா என்பது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் வருடம் வரை நான் கணக்குச் சொல்லச் சொல்ல, தெனீசா எழுந்துபோய் இயக்குநரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் விரல்விட்டு எண்ணினார்.

"ஒரு சாவுக்குப் பதிமூணு தட்டு! ஐயா பனாயித், இந்த மாவட்டத்துல இவ்வளவு விசுவாசமான வாடிக்கையாளர் வேற யாருக்குய்யா இருக்காங்க? செருப்பு விக்கிறவன் இப்படி ஒரு ஆளுக்காக ஏங்கிக் கெடக்கான். நீங்க வெறும் சமையக்காரர் இல்ல, நீங்க ஒரு மாதிரித் திட்டம்!"

அறுபத்து மூன்று வயதுவரை யாரும் என்னை மாதிரித் திட்டம் என்று சொன்னதில்லை. மார்பு விரிந்துவிட்டது. அந்த விரிந்த மார்போடுதான் மற்ற எல்லாவற்றையும் செய்தேன். 'ஏழு கொலிவா வாங்கினால் எட்டாவது இலவசம்' என்று ஓர் அட்டை அடித்தார்கள், மூலையில் ஒரு கோதுமை மணி பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. இருநூறு அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, சஃப்தா கண்ணில் படாமல் விறகுக்கொட்டிலில் ஒளித்து வைத்தேன். ஒளித்து வைக்கத் தெரிந்தவனுக்கு அது தப்பு என்றும் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? தெரிந்துதான் இருந்தது.

அப்புறம் 'மகிழ்ச்சியான வாடிக்கையாளர்' படம் மூன்று வேண்டும் என்றார்கள். மூன்று மாத நினைவு ஜெபம் முடிந்து கோயில் வாசலில் நின்றிருந்த ஒரு விதவையிடம் போய், கையில் கொலிவாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சிரிக்க முடியுமா என்று கேட்டேன். அந்தம்மா சிரித்தார். நான் சஃப்தாவின் புருஷன் என்பதற்காக, மரியாதைக்காகச் சிரித்தார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசியாக வாடிக்கையாளர் பட்டியல். மற்றவர்கள் ஐந்து பெயர், பத்துப் பெயர் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் சஃப்தா சந்தைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, சமையலறை இழுப்பறையிலிருந்து அந்தக் கறுப்பு நோட்டை எடுத்துக் கொண்டுபோனேன். மையத்தில் அதைப் பார்த்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். இயக்குநர் அதைக் கையில் வாங்கி முத்தமிடாத குறைதான்.

தெனீசா அதைப் பிரதி எடுத்தாள், கறுப்பு வெள்ளையில். வண்ண மை மையத்தில் இருந்தது. ஆனால் அது சான்றிதழின் ஓர அலங்காரத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது, வேறு காரியத்துக்கு எடுத்தால் விளக்கம் எழுதித் தர வேண்டும். நோட்டை மூடி வைத்துவிட்டு, பிரதியைப் பார்த்தபடி அவள் என்னிடம் கேட்டாள்.

"ஐயா, இந்தப் பக்கம் இருக்கிற பேரு, அந்தப் பக்கம் இருக்கிற பேரு, எல்லாம் ஒண்ணுதானே?"

அதற்கு முந்தைய நாள்தான் 'தரவு என்றால் என்ன?' என்று நான் கேட்டு, அறை முழுவதும் சிரித்திருந்தது. இயக்குநர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மாதிரித் திட்டம் இன்னொரு கேள்வி கேட்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

"ஒண்ணுதாம்மா" என்றேன்.

'தரவு சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தெட்டு வருடம் ஒரு டிக்கெட்டைக்கூடக் கண்ணாடி போடாமல் பார்த்தவனில்லை நான்.

ஆறு வருடமாக எதையுமே அனுப்பாத மையம், இதையும் அனுப்பாது என்றுதான் நினைத்தேன். ஆனால் செய்தி அனுப்பும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. அது மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நோட்டில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த வீட்டு எண்ணுக்கு ஒரு செய்தி போயிற்று. தீங்காவுக்குப் போனது இது:

'அன்பு வாடிக்கையாளரே! வியோரெல் அவர்களின் நாற்பதாம் நாள் நெருங்குகிறது. கொலிவாவை இன்றே முன்பதிவு செய்யுங்கள். மீண்டும் மீண்டும் உங்களுக்குச் சேவை செய்யக் காத்திருக்கிறோம். இப்படிக்கு, சஃப்தா.'

அதைத் தட்டினால் ஒரு கொலிவாத் தட்டின் படம் திறக்கும். மேலே கோகோவில் அந்தந்தப் பெயரின் முதலெழுத்து.

மத்தியானத்துக்குள் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். முதலில் வந்தது கசாப்புக் கடைக்காரரின் மாமியார், எண்பத்தாறு வயது, கைத்தடியோடு.

"ஏய்யா பனாயித்து, எனக்கு நாப்பதாம் நாளாமே? அப்ப மீதி முப்பத்தொம்பது நாளு நான் எங்கய்யா இருந்தேன்? அதையும் சொல்லிப்புடு, நானும் தெரிஞ்சுக்கிறேன்."

"பாட்டி, அது கம்ப்யூட்டர் தப்பு..."

"எம் மருமகன் காலையிலேருந்து சந்தோஷமா இருக்கான். அவனுக்கு யாரு பதில் சொல்றது?"

அடுத்து வந்தது ஊர்க் காவலர். சீருடையில், குறிப்பேட்டோடு வந்தார். "நான் செத்துட்டேன்னு யாரு தகவல் குடுத்தது? எழுத்துமூலமா குடுத்தாங்களா, வாய்மொழியா?" என்று விசாரித்தார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதத்தில் நான் வாசிக்காமல் போட்ட இரண்டாவது கையெழுத்து அது. அதன்பின் புதுக் கல்யாணம் ஆன ஒரு பெண் வந்தாள், என் காலடியில் மூன்று முறை துப்பிவிட்டுப் போனாள். இப்படியே நாள் முழுக்க ஒவ்வொருவராக, தாங்கள் உயிரோடிருப்பதைத் தெரிவித்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரிடமும் சஃப்தாதான் மன்னிப்புக் கேட்டாள். நான் அவள் பின்னால் நின்று கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்ததும் அவள், நான் இழுப்பறையில் திருப்பி வைத்திருந்த நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, வந்துபோனவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். சிவப்பு மைப் பெயர் பதினேழில் வந்தது பதினாறு. ஒரு தாளில் வந்து விரல் நின்றது.

"தீங்காவுக்குப் போச்சா?"

"எல்லாருக்கும்தான் போச்சு."

"அவ வரலையே" என்றாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

நானே போய்த் தீங்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். வேலியைத் தாண்டினால் அவள் வீடு. புதன்கிழமை வேலி வரைக்கும் போனேன், திரும்பி வந்துவிட்டேன். சஃப்தா போகக் கிளம்பியபோது, "நான் பேசிக்கிறேன், நீ விடு" என்று தடுத்தும்விட்டேன். வியாழக்கிழமை கோதுமை ஊறப்போடும் வேலை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் தீங்காவே வந்தாள். கறுப்பு முக்காடு போட்டிருந்தாள்.

"உக்காரு தீங்கா" என்றாள் சஃப்தா.

"உக்கார வரல. போஸ்ட்டுக்காரம்மாகிட்ட சொல்லிப் பதிலு போட்டேன். நீ ஒண்ணும் சொல்லல. அதான் நேர்ல வந்தேன்." குரலில் கோபமே இல்லை. "தேதி மட்டும் சொல்லு சஃப்தா. நாப்பது நாளைப் பின்னால எண்ணிப் பாத்தேன். நான் உருளைக்கெழங்கு நட்ட அன்னிக்கு வருது. அன்னிக்குப் பாட்டுப் பாடிக்கிட்டே நட்டேன்டி. அன்னிக்கா போனான்?"

சஃப்தா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எப்படிப் போனான்னு கேக்க மாட்டேன். யாரு வந்து சொன்னாங்கன்னும் கேக்க மாட்டேன். நீ தப்பா எழுத மாட்டே, அது எனக்குத் தெரியும். எம் புருஷனுக்கு மூணாம் மாசம் வந்தது எனக்கே மறந்துபோச்சு, நீ தட்டோட வந்து நின்னே. அதான் கேக்கறேன். தேதி மட்டும்."

"சொல்லுய்யா" என்றாள் சஃப்தா, என் பக்கம் திரும்பாமலே.

நான் சொன்னேன். நிறுவனம், பயிற்சி, பிரதி, மை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கூசியது, ஒரு தாயிடம் வண்ண மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

தீங்கா பொறுமையாகக் கேட்டாள். "அப்ப அவன் சாகல."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உயிரோட இருக்கானா?"

"அது... எனக்குத் தெரியாது தீங்கா."

"செத்ததும் தெரியாது, இருக்கிறதும் தெரியாது. பின்ன என்ன தெரிஞ்சுக்கிட்டுய்யா கடுதாசி போட்டே?"

  அவள் பாவாடைப் பையிலிருந்த போனை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மெழுகுவர்த்தி ஏத்திட்டேன் சஃப்தா. கோயில்ல, போனவங்க பக்கத்துல. ஆறு வருஷமா இருக்கிறவங்க தட்டுலதான் ஏத்தினேன், ஒரு வாரம் தப்பினதில்ல. மூணு நாளா அந்தப் பக்கம் ஏத்துறேன். அம்மாவே ஏத்திட்டா அப்புறம் அவனுக்கு யாரு இருக்கா?"

சஃப்தா எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். "இந்த முக்காட்டை அவுத்துடுடி" என்றாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள் தீங்கா.

அவள் போனபின் சஃப்தா என்னிடம் ஒரே ஒரு காரியம் சொன்னாள். "திங்கக்கெழமை போ. அந்தப் பேரை எடுத்துட்டு வா. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்தப் பேரு."

போனேன். கோபமாகத்தான் போனேன். பேருந்தில் இரண்டு மணி நேரம் வசனம் தயார் செய்தேன். மையத்தின் வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். அன்றைக்குத்தான் சான்றிதழ் விழா. தெனீசாவைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது, ஆனாலும் விதிப் புத்தகத்தைத்தான் திறந்தாள்.

"பட்டியல்லேருந்து பேரை எடுக்க ரெண்டு வழிதான் ஐயா. சம்பந்தப்பட்டவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். இல்லன்னா அவரோட இறப்புச் சான்றிதழ் வேணும்."

"அவன் இருக்கானா இல்லையான்னே தெரியாதேம்மா!"

இயக்குநர் அந்தப் பக்கமாக வந்தார். கேட்டுவிட்டு என் தோளில் கை போட்டார். "ஐயா, படிவத்துல ரெண்டு கட்டம் இருக்கு. காணாமப்போனவங்களுக்குன்னு மூணாவது கட்டம் ஒண்ணு வச்சோம்னு வைங்க, நாளைக்கே எல்லாரும் காணாமப்போக ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் இந்த மையத்துக்கு யாரு வருவா? வாங்க, மேடைக்கு வாங்க, நேரமாச்சு."

நான் தயார் செய்திருந்த வசனத்தில் முதல் வார்த்தை 'யோவ்'. அது தொண்டை வரைக்கும் வந்தது. மேடையில் என் பெயர் போட்ட நாற்காலி தெரிந்தது. போய் உட்கார்ந்தேன்.

விழாவில் பெரிய திரை வைத்து இயக்குநர் விளக்கினார்.

"அன்பர்களே! ஆறு வருஷத்துல முதல்முறையா நம்ம மையம் உண்மையான வாடிக்கையாளரைத் தொட்டிருக்கு. யாரும் எதிர்பார்க்கல, நாங்களும் எதிர்பார்க்கல! இதோ பாருங்க, ஒரு வாடிக்கையாளர் நம்ம கொலிவாப் படத்தை ஒரே நாள்ல நாப்பத்தொரு தடவை திறந்து பாத்திருக்கார். நாப்பத்தொரு தடவை! அதோட நிக்கல. பதிலும் போட்டிருக்கார்."

திரையில் தீங்காவின் பதில் வந்தது, ஆள் உயர எழுத்தில்: 'எந்தத் தேதி?'

"பாத்தீங்களா? எப்ப டெலிவரின்னு கேக்கறார்! இந்த ஆர்வத்தைத்தான் நாங்க ஆயத்தம்னு சொல்றோம்."

அரங்கம் கைதட்டியது. க்லிகோரும் தட்டினார், அவருக்கு என்ன தெரியும் பாவம். எனக்குத் தெரியும். அந்த அரங்கத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும், அந்தப் பதில் யார் போட்டது, எதைக் கேட்டது என்று. எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். நடந்துபோய்ச் சான்றிதழை வாங்கிக்கொண்டேன். ஓரத்தில் வண்ண அலங்காரம் நன்றாகவே இருந்தது. "சிரிங்க ஐயா" என்றார் படம் எடுப்பவர். சிரித்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் கொஞ்சம் சிரித்தேன். பக்கத்தில் நின்ற இயக்குநர் ஒலிபெருக்கியில் 'பருவகால இரண்டாம் சுற்று' என்று ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் கவனமாக இருந்ததால் அதை நான் காதில் வாங்கவில்லை.

இயந்திரம் கொடுக்கவில்லை. இயந்திரத்துக்கு ஆயத்தமாவதற்கான ஒரு சீட்டுக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது சஃப்தா வாசலிலேயே நின்றிருந்தாள். "எடுத்துட்டியா?"

ரயிலில் டிக்கெட் இல்லாதவர்கள் என்னிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் ஒரு நொடி தாமதித்துத்தான் சொல்வார்கள், அதை வைத்துத்தான் பிடிப்பேன். நான் தாமதிக்கவே இல்லை.

"எடுத்துட்டேன்" என்றேன்.

அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. செருப்பைக்கூடப் போடாமல் வேலியோரம் ஓடி, "தீங்கா, எடுத்தாச்சுடி! உம் பையன் பேரு அங்க இல்ல!" என்று கூப்பிட்டுச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க என்னிடம் நன்றாகவே பேசினாள். இரவு உணவுக்கு எனக்குப் பிடித்த முட்டைக்கோஸ் உருண்டை செய்தாள். நான் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை இறந்தவர்களின் நாள். ஊரே கோயிலில். மேசையில் நாற்பது தட்டுக் கொலிவா, ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவர்த்தி, எல்லாம் சஃப்தாவின் கைவேலை. தீங்கா முக்காட்டை மாற்றியிருந்தாள், பழையபடி பூப்போட்ட முக்காடு. உள்ளே வந்ததும் நேரே இருக்கிறவர்களின் தட்டுக்குப் போய், அங்கே மெழுகுவர்த்தி ஏற்றினாள். சஃப்தா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், கண்ணாலேயே எனக்கு நன்றி சொன்னாள்.

பெயர்களெல்லாம் வாசித்து முடிந்து 'என்றென்றும் நினைவு' பாட ஆரம்பித்தார்கள். அதைப் பாடும்போது முன்னால் நிற்பவர்கள் தட்டைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் அசைப்பார்கள். பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவரின் தோளில் கை வைத்துக்கொள்வார்கள், அவர்கள் தோளில் அடுத்தவர்கள். அப்படிக் கோயில் முழுவதும் ஒரே ஆட்டமாக ஆடும். சஃப்தாவும் தீங்காவும் ஒரே தட்டைப் பிடித்திருந்தார்கள். என் கை சஃப்தாவின் தோளில் இருந்தது.

மணி பத்து. முதலில் பாடகர் பக்கத்தில் ஒரு போன் சத்தம் கேட்டது. பிறகு தூண் அருகே ஒன்று. பிறகு பெண்கள் பக்கத்தில் நான்கைந்து, பிறகு எல்லா இடத்திலும். எங்கள் ஊரில் கோயிலில்கூட யாரும் போனை அணைப்பதில்லை. ஆளுக்கொரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது, எப்போது கூப்பிடும் என்று தெரியாது. ஆனாலும் அன்று ஒருவரும் போனை வெளியே எடுக்கவில்லை. யாரிடமிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாட்டு மட்டும் கொஞ்சம் தள்ளாடியது.

தீங்கா ஒருத்திதான் எடுத்தாள். வேறு யாராவதாகவும் இருக்கலாம் அல்லவா. ஒரு கையால் தட்டைப் பிடித்தபடியே, மறு கையால் போனைக் கண்ணுக்குத் தூரமாக நீட்டி வைத்துப் பார்த்தாள். எனக்கும் தெரிந்தது. 'வியோரெலை மறந்துவிட்டீர்களா?' என்று கேட்டிருந்தது.

அவள் அதை நிதானமாகப் படித்துவிட்டுப் பாவாடைப் பைக்குள் போட்டாள். தட்டை மறுபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சஃப்தாவிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"வேற யாரும் இல்லடி. உன் வீட்டுக்காரர்தான்."

சஃப்தா திரும்பவில்லை, பாட்டையும் நிறுத்தவில்லை. தோளை மட்டும் என் கைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.